வழியில் இறங்கும் உயிர்

காரவள்ளியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய முதல் கொண்டை ஊசி வளைவில், அனுராதா பையை அழுத்தாத நேரத்தில், மானிட்டரில் ஓர் அலை எழுந்து அடங்கியது.

போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்க அவள் கையை எடுத்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த காளியண்ணனின் வாயிலிருந்து வெளியே வந்த டியூபின் நுனியில், காற்றடிக்கும் ரப்பர் பை கேட்பாரற்றுக் கிடந்தது. பை சும்மா கிடந்தால் கோடும் சும்மா கிடக்க வேண்டும். ஏனென்றால் காளியண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

ரோடு இருக்கிற லட்சணத்துக்கு வண்டி குலுங்கினால் கோடும் குலுங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டு, போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மறுபடி பையை அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று போய், செத்தவரின் நெஞ்சு ஏறி இறங்கியது. திரையில் மஞ்சள் கோடு எழுந்து படுத்தது. எதிரே உட்கார்ந்திருந்த பொன்னாயி, புருஷனின் பாதத்தைப் பிடித்தபடி, அந்தக் கோட்டைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுதுங்களா சிஸ்டர்?"

"ஓடுது, ஓடுது. நீ பேசாம உக்காரு."

பொன்னாயிக்கு அவள் அம்மா வயது இருக்கும். இருந்தாலும் ‘நீங்க’ என்று சொல்ல அனுராதாவுக்கு வாய் வரவில்லை. மலைமேலிருந்து வருகிறவர்களிடம் அது எப்போதுமே வந்ததில்லை.

இந்த வேலையும் அவளுக்குப் புதிதில்லை. கை விரித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னதும், இந்த மாதிரிக் குடும்பங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உசுரோட ஊடு சேர்த்துருங்க. வெளியில் செத்தவரை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். ஊருக்கு வெளியிலேயே மரத்தடியில் கிடத்தி, அங்கிருந்தே காட்டுக்கு எடுத்துவிட வேண்டுமாம். சொந்த வீட்டு விளக்கைப் பார்க்காமல் போன உயிர் அலையுமாம். அலையட்டுமே, அதற்கு வேறு என்ன வேலை என்று அனுராதா நர்ஸ்கள் அறையில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு நல்ல பேர் வேண்டும். அதனால் செத்தவரானாலும் வாயில் டியூபோடு, பையை அழுத்திக்கொண்டே ஒரு நர்ஸ் வீடு வரைக்கும் போவாள். வாசற்படியைத் தாண்டியதும் டியூபை எடுத்துவிட்டு, கையைப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் போச்சு" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். எல்லோருக்கும் திருப்தி.

டிரைவர் பூபதிக்கும் இது தெரியும். கிளம்பும்போது அவள் அவனிடம், "உசுரோட இருக்காருன்னு சொன்னாப் போதும், இதுகளுக்கு அது போதும்" என்றாள். பூபதி பல்லைக் காட்டினான். முன்சீட்டில் அவன் பக்கத்தில் காளியண்ணனின் தம்பி மருதாசலம், மடியில் துணிமூட்டையோடு, கடவுளையே பார்க்கப் போகிறவன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்றைக்கு ஒரே ஒரு வித்தியாசம். திரையில் ஏதாவது ஓடினால்தான் வண்டி ஏறுவோம் என்று மருதாசலம் ஒற்றைக்காலில் நின்றான். இதயத் துடிப்பைக் காட்டும் வயர்களை மாட்டினால் கோடு பாயைப் போல் விரிந்து கிடக்கும். அதனால் அனுராதா அவற்றை மாட்டாமல், பி.ஏ. லைனை மட்டும் மானிட்டரில் மாட்டிவிட்டாள். பையை அழுத்தும்போது நுரையீரல் விரிந்து அந்தக் குழாயை நெருக்கும். நெருக்கும்போதெல்லாம் கோடு எழும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கோடு எழுந்தது, மருதாசலம் கையெடுத்துக் கும்பிட்டு வண்டி ஏறினான்.

பி.ஏ. லைன் என்பது நீளமான, மெல்லிய மஞ்சள் குழாய். கழுத்து நரம்பில் நுழைந்து, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் போய் நிற்கும். அதன் நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு ரப்பர் பலூன். வெளியிலிருந்து சின்ன சிரிஞ்சில் காற்றை ஏற்றினால் பலூன் ஊதி ரத்தக்குழாயைச் சற்று நேரம் அடைக்கும். அப்போது திரையில் தெரியும் அழுத்தத்தைப் படித்துவிட்டு உடனே காற்றை இறக்கிவிட வேண்டும். மறந்தால் அதற்கு அப்பால் ரத்தம் போகாது, நுரையீரல் அழுகும், குழாயே கிழிந்தாலும் கிழியும். இறக்காமல் விட்ட புதுப் பிள்ளைகளை அனுராதா வார்டே கேட்கும்படி காய்ச்சி எடுத்திருக்கிறாள்.

இன்று காலையில் காற்றை ஏற்றி, அது திரும்பி வராதபடி சிரிஞ்சு லாக்கை மூடி, எண்ணைப் படித்த நேரத்தில்தான் கதவுக்கு வெளியே பாத்திரச் சத்தம் கேட்டது. பொன்னாயி ஐ.சி.யூ. வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூக்குப்போசியைத் திறந்து களி தின்றுகொண்டிருந்தாள். அனுராதா போய்க் கொடுத்தாள் பாருங்கள் ஒரு டோஸ்! இது ஆஸ்பத்திரியா, உங்கள் காட்டுக் கொட்டாயா என்று தொடங்கி, பொன்னாயி போசியை மூடி மாராப்பில் மறைத்துக்கொண்டு எழுந்து ஓடுகிற வரைக்கும் விடவில்லை. திருப்தியாகத் திட்டிவிட்டுத் திரும்பியபோது காளியண்ணனின் கோடு சப்பையாகக் கிடந்தது. பலூன் ஊதியே இருந்தால் கோடு அப்படித்தான் கிடக்கும். திட்டிய சூட்டில் அவளுக்கு அது உறைக்கவில்லை. குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, அடைப்பு நீக்கும் சலைன் தண்ணீரை வேகமாக உள்ளே அடித்தாள்.

ஊதிய பலூனுக்கு அந்தப்பக்கம், திரும்பி வர வழியில்லாத இடத்தில், அந்த வேகம் போய் விழுந்தது. காளியண்ணன் ஒரே ஒரு தடவை இருமினார். வாயிலிருந்த டியூப் நுனிவரைக்கும் சிவந்தது.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது டாக்டர் என்று அனுராதா சொன்னதை எழுதிக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் லாக்கைத் திறந்தாள். பலூனின் காற்று தள்ள, சிரிஞ்சின் தண்டு தானாகப் பின்னால் வர வேண்டும். வரவில்லை. குழாயை இழுத்துப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. வார்டு நடுவில் அதற்குமேல் பிணத்தோடு மல்லுக்கட்ட முடியுமா? ஊதிய பலூனோடு இந்தக் குழாய் யார் கையிலாவது சிக்கினால் வேலை மட்டும் போகாது, போலீஸ் கேஸ் ஆகும், பேர் நாறும். அதனால்தான் எந்த வேலையையும் பிறர் தலையில் கட்டுகிற அனுராதா, "நானே போறேன், பாவம்" என்று வண்டி ஏறினாள். மேலே போய் யாரும் பார்க்காமல் குழாயை உருவி, திரும்பும்போது ஏதாவது ஒரு பள்ளத்தில் வீசிவிட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கிழவி களி தின்னாமல் இருந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

வண்டி அடுத்த வளைவில் முனகிக்கொண்டு திரும்பியது. பின்கதவின் கண்ணாடியில் சமவெளி சாய்ந்து, கீழே நழுவி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

"குரங்குப் பாறை வந்தாச்சுங்க" என்றாள் பொன்னாயி.

அனுராதா நிமிர்ந்து பார்த்தாள். பொன்னாயி அவளிடம் பேசவில்லை. புருஷனின் பாதத்தைத் தடவியபடி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்க எறங்கிராதீங்க. இன்னும் கொஞ்சம் தூரந்தான். வேங்க மரத்து வளைவு வரும், அப்புறம் தண்ணி வுழுகற எடம் வரும். கூடவே வாங்க."

"என்ன அது, பொலம்பல்?"

"தடம் சொல்றேனுங்க சிஸ்டர். எங்க ஊட்டு வழக்கமுங்க. உசுரு தளந்து போயிருந்தா வளைவுல எறங்கிருமுங்க. எறங்குச்சுன்னா ஏறத் தெரியாது. அதான் வழி சொல்லிக்கிட்டே போவோணும்."

"எறங்கிருச்சுன்னா?"

"வேற யாருதாச்சும் ஏறிக்கும்ங்க. காலியா இருக்கற எடத்துல எது வேணா ஏறிக்கும்." பொன்னாயி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "உங்க ஊட்ல எப்படீங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல இதெல்லாம் பாக்கறதில்ல" என்றாள் அனுராதா.

பொய். ராசிபுரத்துப் பக்கம் அவள் அப்பாவுக்குச் சொந்தக் காடு, கிணறு, மாடி வீடு எல்லாம் உண்டு. ஆனாலும் அவள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி பஸ்ஸில் வரும்போதே செத்துப்போனதால், அந்தப் பெரிய மனுஷனை மாட்டுக்கொட்டாயைத் தாண்டி உள்ளே விடவில்லை. மழை பெய்தது. அவர் காலில் சாரல் அடித்தது. அனுராதா வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அது வேறு, இது வேறு என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

பையை அழுத்தினாள். கோடு எழுந்தது. கையை எடுத்தாள்.

கோடு எழுந்தது.

இந்தத் தடவை ரோடு குலுங்கவில்லை. ஏதோ ஒரு லாரிக்கு வழிவிட பூபதி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மஞ்சள் கோடு நிதானமாக எழுந்து, நிதானமாகப் படுத்தது. மறுபடி எழுந்தது. காளியண்ணனின் நெஞ்சு அசையவில்லை. உதட்டோரத்தில் உறைந்திருந்த ரத்தம் அப்படியே இருந்தது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஆஸ்பத்திரித் தரையைப் போல் சில்லென்றிருந்தது. இவ்வளவு தெளிவாகச் செத்த மனுஷனை அவள் பார்த்ததில்லை.

மெஷின் ஓட்டை என்று நினைத்தாள். ஆஸ்பத்திரிக்காரன் வாங்குகிற சாமான் வேறு எப்படி இருக்கும்? தண்ணீர் நிரம்பிய குழாயை ஒரு தட்டுத் தட்டி, காற்றுக்குத் திறந்து, பூஜ்யத்தில் நிறுத்தி மூடினாள். கோடு தரையோடு தரையாகப் படுத்தது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

பெருமூச்சு அளவுக்கே, நீளமாக, கோடு எழுந்து இறங்கியது.

வண்டிக்குள் ஸ்பிரிட் வாசனையும், ரத்தத்தின் இரும்பு வாசனையும், பொன்னாயியின் சேலையிலிருந்து காய்ந்த மிளகின் காரமும் கலந்து கிடந்தன. வெளியே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஆகவில்லை, அதற்குள் பூபதி ஹெட்லைட்டைப் போட்டான். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் போயின. அனுராதா மூச்சை உள்ளே இழுத்தாள். கோடு கீழே இறங்கியது. வெளியே விட்டாள். ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோடு பாதியில் நின்றது. அவளுக்கு முகம் சூடாகி, காது இரைந்து, இனி முடியாது என்று வாயைத் திறந்தபோது கோடும் வாயைப் பிளந்தது போல் மேலே தாவியது.

"நல்லா ஓடுதுங்க" என்றாள் பொன்னாயி சந்தோஷமாக.

அனுராதா மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காது அடைத்தது. மலை ஏறினால் எல்லோருக்கும் அடைக்கும். எச்சிலை விழுங்கினாள். காது திறந்தது. ஆனால் நெஞ்சுக்குள், வலது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே ஏதோ ஒன்று அடைத்தபடியே இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. சாப்பாட்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கியது போல் ஒரு கனம்.

முன்னாலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் துள்ளிவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்," பூபதி சிரித்தான். "சிப்ஸ் பாக்கெட்டுங்க. கீழ வாங்குனது. மேல ஏற ஏற ஊதிக்கும், பாத்ததில்லீங்களா? சிலது வெடிச்சே போயிரும். உள்ள காத்து அடச்சு வெச்ச எதுவும் மலைக்கு ஆகாதுங்க."

அனுராதாவின் கண் காளியண்ணனின் கழுத்துக்குப் போனது. பிளாஸ்திரிக்கு அடியில் மஞ்சள் குழாய் தோலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே, எங்கோ, கீழ்நாட்டுக் காற்றை விழுங்கிய ஒரு பலூன். வண்டி ஏற ஏற ஊதிக்கொண்டிருக்கும். ஊதட்டும். செத்தவனுக்கு எதற்கு அக்கறை என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வலது நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் பெரிதானது.

"வேங்க மரம் வந்தாச்சுங்க. பயப்படாதீங்க. கூடவே வாங்க."

"அந்த வாய மூடறியா இல்லையா!"

கத்திவிட்டாள். கத்தியது பாதியில் நின்றது, ஏனென்றால் காற்று போதவில்லை. திரையில் கோடு முள்ளுமுள்ளாகக் குதித்தது. பொன்னாயி கோபப்படவில்லை. காலையில் போசியை மறைத்துக்கொண்டு ஓடினாளே, அந்தப் பயமும் அவள் முகத்தில் இல்லை. புருஷனின் பாதத்திலிருந்து கையை எடுத்து, குனிந்து அனுராதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு எட்டிக் கோட்டைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"கண்ணு," என்றாள் மெதுவாக. "உங்க ஊரு எதுங்க?"

அனுராதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்கத் தகுதியுள்ளவள் கேட்டால்தானே பதில்.

சோளக்காடு தாண்டியது. செம்மேட்டுக் கடைவீதியில் ஆட்கள் சால்வைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து குண்டூர் நாட்டுப் பக்கம் பிரியும் ரோட்டில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. அனுராதா பையை அழுத்துவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை. கோடு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது எழுந்து படுக்கவில்லை. காலையில் பார்த்த அதே சப்பைக் கோடு. பலூன் ஊதியிருக்கும்போது கிடக்கும் கோடு. அவள் வலது நெஞ்சில் சுண்டைக்காய் இல்லை இப்போது. எலுமிச்சை.

சீக்கிரம் உருவ வேண்டும். உருவினால் சரியாகிவிடும். அவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, ஆனால் தோன்றியது.

வண்டி நின்றது. ஓட்டு வீடு. வாசலில் பத்திருபது பேர் பனிக்குள் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. உயிரோடு வருகிறவருக்கு எதற்கு அழுகை? மருதாசலம் இறங்கிக் கதவைத் திறந்தான்.

"எல்லாம் வெளிய நில்லுங்க. லைன எடுக்கணும். கதவ மூடுங்க."

பொன்னாயி இறங்கினாள். கதவு மூடியது. அனுராதாவும் காளியண்ணனும் மட்டும்.

முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாசற்படி தாண்டும்வரை காத்திருக்காமல், முதலில் வாயிலிருந்த டியூபை எடுத்தாள். அது சுலபமாக வந்தது. பிறகு பிளாஸ்திரியைப் பிய்த்து, மஞ்சள் குழாயைப் பிடித்து இழுத்தாள். காலையில் வராத குழாய் இப்போது வந்தது. வழுக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், நீளநீளமாக. அவள் இழுக்க இழுக்க, அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முடிச்சு அவிழ்ந்து நீளமாக நகர்ந்தது. கழுத்து வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் இழுத்தாள்.

நுனி வெளியே வந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. காய்ந்திருந்தது.

நுனியில் பலூன் இருந்தது. ஊதியிருந்தது. எந்தப் பலூனும் ஊத முடியாத அளவுக்கு, எலுமிச்சை அளவுக்கு, உள்ளே விளக்கு வைத்தது போல் மெல்லிசாக, பளபளவென்று. அவள் முகம் அதில் தெரிந்தது.

மானிட்டரைப் பார்த்தாள். குழாய் யார் உடம்பிலும் இல்லை. அவள் கையில் தொங்குகிறது. கோடு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆச்சுங்களா சிஸ்டர்?"

யார் கண்ணிலும் படக் கூடாது. பள்ளத்தில் வீச நேரமில்லை. இப்படி ஊதிய பலூனை எந்தப் பாக்கெட்டில் மறைப்பது? அனுராதா பலூனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள்.

நகத்தால் கிள்ளினாள்.

சத்தம் வெளியே கேட்கவில்லை.

அவள் ஒரே ஒரு தடவை இருமினாள். முகக்கவசத்துக்குள் வெதுவெதுப்பாக ஏதோ நிறைந்தது. வாயில் இரும்பு ருசித்தது. சீட்டில் சாய்ந்தாள். நெஞ்சிலிருந்த கனம் போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது. எல்லாமே லேசாகிவிட்டது. எப்போதும் இருந்துகொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. எந்தச் சத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கி வாசற்படிக்கு முன்னால் வைத்தார்கள். பொன்னாயி உள்ளே போய் ஒரு துளி இலவம்பஞ்சைக் கொண்டுவந்தாள். குனிந்து புருஷனின் மூக்குக்குக் கீழே வைத்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

இதோ மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தாள் அனுராதா. இப்பத்தான் போச்சு என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

பஞ்சு அசைந்தது.

பறந்து காளியண்ணனின் மீசையில் ஒட்டியது. மறுபடி அசைந்து கீழே விழுந்தது. யாரோ ஒருத்தி "சாமீ" என்று கத்தினாள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து ஓர் ஆம்பளை தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "தண்ணி கேக்கறாரு, தண்ணி கேக்கறாரு" என்று சிறுசுகள் ஓடின.

பொன்னாயி உள்ளே போகவில்லை. தரையிலிருந்து அந்தப் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். படியேறி அனுராதாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய முகக்கவசத்தை மெதுவாக இறக்கிவிட்டாள். சேலைத் தலைப்பால் அவள் தாடையைத் துடைத்தாள். பஞ்சை அவள் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

பஞ்சு சும்மா இருந்தது.

அனுராதா பார்த்துக்கொண்டிருந்தாள். அசை என்றாள் அதனிடம். மனதுக்குள் கத்தினாள். ஒரு நூல் இழைகூட அசையவில்லை.

"ச்சுச்சு," என்றாள் பொன்னாயி. அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. காலையில் அவளைத் திட்டியதெல்லாம் யாரோ யாரையோ திட்டியது போல் இருந்தது. "சின்ன வயசு. பூபதி தம்பி, இவங்க ஊடு எங்கீங்க?"

"ராசிபுரத்துப் பக்கமுங்க, ஆயா."

"அவங்க ஊட்லயும் வெளிய போனவங்கள உள்ள சேத்த மாட்டாங்க, பாவம். மாட்டுக்கொட்டாயில போட்டுருவாங்க." இதை அனுராதா அவளிடம் சொன்னதே இல்லை. "உசுரோட இருக்காங்கன்னே சொல்லி உள்ள சேத்திருங்க."

"அது எனக்குப் பழக்கந்தானுங்க" என்றான் பூபதி. அவன் பல்லைக் காட்டவில்லை.

"மருதாசலம், நீ கூடப் போ. பைய அமுக்கிக்கிட்டே போ. தடம் சொல்லிக்கிட்டே போ சாமி. வழியில எறங்கிராம."

உள்ளேயிருந்து காலியாகத் திரும்பி வந்த ஸ்ட்ரெச்சரில் அவளைப் படுக்க வைத்தார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், முட்டாள் ஜனங்களே என்று அவள் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. வாய்க்குள் ஏதோ நுழைந்தது, பிளாஸ்டிக் ருசித்தது. கதவு சாத்திக்கொண்டது. வண்டி திரும்பியது.

மருதாசலம் எதிரே உட்கார்ந்தான். மிளகு வாசனை. அவன் கை பெரியது, சொரசொரப்பானது. பையை அவன் அழுத்தினான். புஸ். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. அவளைக் கேட்காமலே ஏறியது, அவளைக் கேட்காமலே இறங்கியது.

மானிட்டர் அவள் காலடியில் இருந்தது. கண்ணை அசைக்க முடியவில்லை, ஆனால் பார்வை அங்கேதான் இருந்தது. மெஷினிலிருந்து மஞ்சள் குழாய் கிளம்பி, போர்வையின் மேல் வளைந்து, அவள் மார்பைத் தாண்டி, தாடைக்குக் கீழே, அவளால் பார்க்க முடியாத இடத்துக்குப் போனது. அவன் அழுத்தும்போதெல்லாம் கோடு எழுந்தது. எழுந்து படுத்தது.

"தண்ணி வுழுகற எடம் வந்தாச்சுங்க சிஸ்டர்," என்றான் மருதாசலம் மரியாதையாக. "இங்க எறங்கிராதீங்க. கூடவே வாங்க."

ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கீழே எங்கோ விளக்குகள்.

வேங்கை மரத்து வளைவில் மருதாசலம், போனில் சிக்னல் வந்துவிட்டதா என்று பார்க்க, பையிலிருந்து கையை எடுத்தான்.

பை சும்மா கிடந்தது.

அனுராதா கோட்டைப் பார்த்தாள். ஓர் அலை. ஒரே ஓர் அலை போதும். வண்டி குலுங்கினால்கூடப் போதும். வண்டி நன்றாகவே குலுங்கியது.

கோடு படுத்திருந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.